மொட்டு கிள்ளியவர்

"அம்மா, எனக்குச் சிரிப்பு வருது. அதை நிறுத்தணும்."

அம்பலவாணன் இப்படிச் சொன்னபோது குழலி அம்மா கிணற்றடியில் உட்கார்ந்து ஒரு சைக்கிள் ட்யூபுக்குப் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தார். ட்யூபை வாளித் தண்ணீரில் அமுக்கி, குமிழி கிளம்பும் இடத்தைத் தேடியபடியே கேட்டார்.

"கடைசியா எப்ப வந்துச்சு?"

"இப்பதான். பஸ்ஸுல."

"என்ன நடந்துச்சு?"

"பக்கத்து சீட்டுக்காரர் தூங்கித் தூங்கி என் தோள்ல விழுந்தாரு. தட்டி எழுப்பினேன். 'டிக்கெட் எடுத்தாச்சு'ன்னு சொல்லிட்டு மறுபடியும் என் தோள்லயே சாஞ்சுக்கிட்டாரு."

"சிரிச்சீங்களா?"

"பாதி சிரிச்சேன். மீதியை முழுங்கிட்டேன்."

குழலி அம்மா ட்யூபைக் கீழே போட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

அம்பலவாணனுக்கு அது பிடிக்கவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, மேலதிகாரி முன்னால் உட்காருவதுபோல விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

"எங்க ஆபீஸ் மாரிச்சாமி இங்க வந்துட்டுப் போய்தான் பீடியை விட்டாரு. உங்களால நிறுத்த முடியும்னு சொன்னாரு."

"பீடியை விடலாம். சிரிப்பை எதுக்கு ஐயா விடணும்?"

அவர் தரையில் பரவிய ஈரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் வீட்டுக்காரி போய்ப் பதினாலு மாசம் ஆச்சு" என்றார்.

குழலி அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

*

அம்பலவாணனுக்கு வயது அறுபத்திரண்டு. முப்பத்தைந்து வருஷம் சர்வேயராக இருந்தவர். தென்காசிப் பக்கத்தில் பாதி நிலங்களின் எல்லைக்கல் அவர் பார்த்து நட்டது. ஒரு சாண் தவறியது கிடையாது என்று பேர். சத்தம் போட்டுப் பேசமாட்டார், வேகமாக நடக்கமாட்டார், யார் வீட்டிலும் இரண்டாவது காப்பி குடிக்கமாட்டார்.

ஒரே மகள், உலகம்மை. மதுரையில் வேலை பார்த்தாள். அவள் கல்யாணத்துக்கு இரண்டு முறை நாள் குறித்தார்கள். இரண்டு முறையும் தள்ளிப் போட்டவர் இவர்தான். மணமேடையில் முகத்தைச் சிரித்தாற்போல வைத்துக்கொண்டு நிற்க வேண்டுமே, அது எப்படி முடியும் என்று அவருக்குக் கவலை. மூன்றாவது முறை மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்கமாட்டார்கள் என்று சொந்தக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

குழலி அம்மாவுக்கு முப்பத்தாறு வயதுதான். முழுப்பெயர் குழல்வாய்மொழி. முன்பு தென்காசியில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். எட்டு வருஷத்துக்கு முன்னால் கடையை மூடிவிட்டு, ஊருக்குக் கிழக்கே இந்த மேட்டில் ஒரு ஓட்டு வீட்டில் வந்து உட்கார்ந்தார். யாரோ ஒருவர் ஏதோ கேட்டுப் போனார். அவர் தெளிந்த முகத்தோடு திரும்பியதைப் பார்த்து அடுத்தவர் வந்தார். அப்படியே நடந்துகொண்டிருந்தது. பிரசங்கம் கிடையாது, திருநீறு கிடையாது. வந்தவர்கள் கொஞ்ச நாள் தங்கி ஏதாவது வேலை செய்தார்கள். பிறகு வீட்டுக்குப் போனார்கள்.

வீட்டுக்குப் பின்னால் ஐந்து சென்ட் வெறும் செம்மண். மருந்துக்கும் ஒரு மரம் இல்லை. காலையில் ஏறும் வெயில் மாலையில்தான் இறங்கும்.

குழலி அம்மா அதைக் காட்டினார்.

"அதுல செடி வைங்க ஐயா. ரெண்டே ரெண்டு கண்டிஷன். வருஷம் பூரா பச்சையா இருக்கணும். பூக்கவும் செய்யணும்."

"நான் கேட்டதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"செடி வைக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப அதை முதல்ல பார்ப்போம்."

*

நிலத்தைப் பார்த்ததும் அம்பலவாணனின் கை தானாகவே வேலை செய்தது. அளந்தார். கயிறு கட்டினார். சுண்ணாம்புக் கோடு போட்டார். வரிசைக்கு வரிசை ஐந்தடி, செடிக்குச் செடி நான்கடி.

குழலி அம்மா எங்கிருந்தோ ஒரு கட்டு செம்பருத்திக் குச்சி வெட்டிக்கொண்டு வந்து கொடுத்தார். இலையெல்லாம் உருவிய வெறும் குச்சிகள். அம்பலவாணன் இருபத்து நான்கு குழி எடுத்து, இருபத்து நான்கையும் நட்டு, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். ஒரே நேர்கோடு. திருப்தியாக இருந்தது.

காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினார். பத்து நாள் ஆயிற்று. இருபது நாள் ஆயிற்று. ஒரு துளிர் இல்லை.

சமையல் பார்க்கிற பிச்சம்மா அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டப் பின்பக்கம் வந்தாள். வந்தவள் குனிந்து ஒரு குச்சியைப் பார்த்தாள். அடுத்ததைப் பார்த்தாள். வரிசை முடியும்வரை நடந்து பார்த்தாள்.

"அம்மா! இங்க ஓடி வாங்க! ஐயா எல்லாத்தையும் தலைகீழா நட்டு வச்சிருக்காரு!"

ஒன்றிரண்டு இல்லை, இருபத்து நான்கும் தலைகீழ். ஒன்றுகூடத் தப்பாமல், நூல் பிடித்தாற்போல.

பிச்சம்மா சட்டியோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் வந்தது. அம்பலவாணனுக்கு அடிவயிற்றிலிருந்து ஏதோ ஒன்று கிளம்பியது. மார்புக்கு வந்தது, தொண்டைக்கு வந்தது. அவர் திரும்பி நின்றுகொண்டார்.

"வந்துச்சா?" என்றார் குழலி அம்மா.

"வந்துச்சு."

"நிறுத்திட்டீங்களா?"

"நிறுத்திட்டேன்."

"எப்படி?"

"பல்லைக் கடிச்சு."

குழலி அம்மா யோசித்துத் தலையாட்டினார்.

"பல்லு பத்திரம் ஐயா."

*

இரண்டாம் முறை கணுவைப் பார்த்து, துளிர்க்கும் கண் மேல்நோக்கி இருக்கிறதா என்று பார்த்து நட்டார். பிச்சம்மா ஒவ்வொரு குச்சியாக வந்து சோதித்துவிட்டு, "இந்தத் தடவை எல்லாம் பாஸ்" என்றாள்.

செம்பருத்தி இரண்டு வரிசை. நந்தியாவட்டை இரண்டு வரிசை. பக்கத்து ஊர் நர்சரியிலிருந்து பையோடு வாங்கி வந்த இட்லிப்பூச் செடி மூன்று வரிசை. மாட்டுச் சாணம் மக்கியதா மக்காததா என்று முகர்ந்தே சொல்ல அவருக்குப் பழகிவிட்டது. செம்பருத்தியில் வெள்ளையாக மாவுப்பூச்சி அப்பியபோது, வேப்பெண்ணெயில் சோப்புத் தண்ணீர் கலந்து, இலை இலையாகத் திருப்பித் துடைத்தார்.

முதல் துளிர் வந்தது ஒரு காலையில். நெல்மணி அளவு பச்சை. அவர் சட்டென்று வீட்டுப் பக்கம் திரும்பினார். வாய் தானாகத் திறந்தது. "பூ..." என்று வந்துவிட்டது.

மனைவியின் பெயர்; பூரணம் என்று முடியவேண்டியது. வாயை மூடிக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போனார்.

கார்த்திகையில் இட்லிப்பூச் செடி ஒன்று நுனியில் மொட்டுக் கட்டியது. கடுகைக் கொத்தாக ஒட்டிவைத்த மாதிரி இருந்தது. அம்பலவாணன் அதை இரண்டு விரலால் கிள்ளிப் போட்டார்.

"என்ன ஐயா பண்றீங்க?"

"மொட்டைக் கிள்ளுறேன். செடி இன்னும் சின்னது. இப்பவே பூத்தா சத்துப் போயிடும். நர்சரிக்காரர் சொன்னாரு."

"எத்தனை நாளைக்குச் சொன்னாரு?"

"ஒரு மாசம்."

"சரி."

ஒரு மாசம் ஆயிற்று. அவர் கிள்ளினார். இரண்டாவது மாசமும் கிள்ளினார். காலையில் எழுந்ததும் முதல் வேலை அதுதான். வரிசை வரிசையாகக் குனிந்துபோய், செம்பருத்தி மொட்டு, நந்தியாவட்டை மொட்டு, இட்லிப்பூ மொட்டு எல்லாவற்றையும் கிள்ளி ஒரு மூங்கில் சொளகில் போட்டு எருக்குழியில் கொட்டுவார்.

கிள்ளிய இடத்தில் செடி இரண்டாகக் கிளைத்தது. அந்த இரண்டிலும் மொட்டு வைத்தது. அவற்றைக் கிள்ளினால் நான்காயிற்று. ஒரு மணி நேரத்தில் முடிந்த வேலை இரண்டு மணி நேரமாயிற்று. பிறகு காலைப்பொழுது முழுக்கப் போதவில்லை.

பிச்சம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"நூறு செடி நிக்குது. சாமி படத்துக்கு ஒரு பூ கிடையாது. கடையில வாங்கிட்டு வரேன். வெளிய சொன்னா யாராவது நம்புவாங்களா?"

அன்று மத்தியானம் குழலி அம்மா அவர் பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்தார்.

"இன்னுமா சத்துப் போயிடும் ஐயா?"

அவர் கிள்ளிக்கொண்டே இருந்தார். பிறகு கை நின்றது.

"பூரணம் சத்தமா சிரிப்பாம்மா" என்றார். "பஸ்ஸுல சிரிப்பா. கோயில்ல சிரிப்பா. ஒரு தடவை துஷ்டி கேக்கப் போன சாவு வீட்டுலகூடச் சிரிச்சிருக்கா. மூணு தெருவுக்குக் கேக்கும். நான் 'உஷ்'னு சொல்லுவேன். முப்பத்திரண்டு வருஷம் சொன்னேன்."

"கேட்டாங்களா?"

"எங்க கேட்டா? வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்பா. அது இன்னும் மோசமா இருக்கும். உடம்பெல்லாம் குலுங்கும்."

அவர் கையிலிருந்த மொட்டைச் சொளகில் போட்டார்.

"நான் அவகூடச் சேந்து ஒருநாள் சிரிச்சதில்லம்மா. அப்பல்லாம் எனக்கு வந்ததே இல்ல. இப்ப அவ இல்ல. இப்பப் போயி வருது. டீக்கடையில வருது, பஸ்ஸுல வருது. யாரைக் கேட்டு வருது?"

குழலி அம்மா எழுந்து, சேலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் காலை அம்பலவாணன் சொளகோடு வந்தபோது குழலி அம்மா முன்னாலேயே தோட்டத்தில் இருந்தார். ஒவ்வொரு செடியாக நின்று, குனிந்து, உதட்டில் விரல் வைத்து, "உஷ்" என்றார். அடுத்த செடிக்குப் போனார். "உஷ்." அடுத்தது. "உஷ்."

"என்னம்மா பண்றீங்க?"

"உங்களுக்கு ஒத்தாசை பண்றேன்."

அவர் ஏழு வரிசையும் முடித்துவிட்டுத்தான் போனார். அம்பலவாணன் சொளகைப் பிடித்தபடி நின்றார். அன்றும் கிள்ளினார். ஆனால் விரல் கொஞ்சம் தயங்கியது.

*

தை மாசம் அவர் ஒரு புகாரோடு வந்தார். கையில் கூடை. கூடையில் பழுத்த இலை.

"அம்மா, வருஷம் பூரா பச்சையா இருக்கிற செடின்னு சொன்னீங்க."

"ஆமா."

"தினம் அரைக்கூடை இலை விழுது. பெருக்கிப் பெருக்கி முடியல. ஏமாத்திட்டானோ நர்சரிக்காரன்?"

"செடி மொட்டையா நிக்குதா?"

"இல்ல."

"என்னைக்காவது மொட்டையா நின்னு பாத்தீங்களா?"

"இல்ல. பச்சையாத்தான் நிக்குது."

"அப்ப இந்தக் கூடை எங்கேருந்து வந்துச்சு?"

அவர் கூடையைக் கீழே வைத்தார்.

குழலி அம்மா உள்ளே போய் ஒரு சிவப்பு நூல் எடுத்து வந்தார். ஒரு செம்பருத்திக் கிளையில், பழுக்கத் தொடங்கியிருந்த ஒரு இலையின் காம்பில் கட்டினார்.

"இது விழுற அன்னைக்கு வந்து சொல்லுங்க. செடி என்ன பண்ணிச்சுன்னும் சொல்லுங்க."

அம்பலவாணன் சர்வேயர். பார்ப்பதென்றால் முழுசாகப் பார்ப்பவர். காலையில் பார்த்தார், மத்தியானம் பார்த்தார், சாயங்காலம் பார்த்தார். ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தும் பார்த்தார். இலை ஓரம் மஞ்சளானது. நடு நரம்பு மஞ்சளானது. ஐந்தாம் நாள், காற்றுகூட இல்லை, இலை நூலோடு கீழே விழுந்தது.

அவர் விறுவிறுவென்று வந்தார். அவர் அவ்வளவு வேகமாக நடந்து யாரும் பார்த்ததில்லை.

"விழுந்துடுச்சும்மா."

"செடி என்ன பண்ணிச்சு?"

"ஒண்ணும் பண்ணல."

"ஒண்ணுமே பண்ணலையா?"

"அதுக்கு மேல் கணுவுல புது இலை விட்டிருந்துச்சு. முன்னாடியே விட்டிருக்கு, நான்தான் பாக்கல. நுனியில மொட்டும் வச்சிருந்துச்சு."

"மொட்டு வச்சிருந்துச்சா? அப்புறம்?"

"கிள்ளிட்டேன்."

குழலி அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார். சிரித்து முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. பிச்சம்மா உள்ளிருந்து கரண்டியோடு ஓடிவந்து, என்னவென்றே தெரியாமல் அவளும் சேர்ந்து சிரித்தாள்.

அம்பலவாணன் பல்லைக் கடித்தார். இந்தத் தடவை ரொம்பச் சிரமமாக இருந்தது.

*

பங்குனி தொடக்கத்தில் ஒருநாள், மொட்டு கிள்ளக் குனிந்தவர் நிமிரவில்லை.

இடுப்புப் பிடித்துக்கொண்டது. குனிந்த வாக்கிலேயே, தரையில் எதையோ தொலைத்தவர்போல அவரைக் கைத்தாங்கலாக உள்ளே நடத்திக்கொண்டு வந்தார்கள். வைத்தியர் வந்து எண்ணெய் தேய்த்துவிட்டு, "அசையக்கூடாது" என்று சொல்லிப் போனார்.

பதினெட்டு நாள் படுத்துக் கிடந்தார். பின்பக்கத்துச் சன்னல் அவர் கட்டிலுக்குத் தலைமாட்டில் இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை.

"மொட்டு?" என்று கேட்டார் முதல் நாள்.

"நான் பாத்துக்கிடுறேன்" என்றாள் பிச்சம்மா.

"கிள்ளுறியா?"

"பாத்துக்கிடுறேன்னுதானே சொன்னேன்?"

பதினெட்டாம் நாள் காலையில் மதுரையிலிருந்து உலகம்மை வந்தாள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று பிச்சம்மா போன் போட்டிருந்தாள். வந்தவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கண்ணெல்லாம் பஸ்ஸில் தூங்காத சிவப்பு.

"அப்பா, வைகாசியில நாள் இருக்கு. அவங்க வீட்டுல கேக்காங்க."

"நீ பண்ணிக்கோம்மா. சித்தப்பா முன்னால நின்னு செஞ்சு வைப்பாரு."

"அம்மாவும் இல்லாம, நீங்களும் இல்லாமலா?"

அவர் சுவரைப் பார்த்தார்.

"என்னால சிரிச்ச முகமா நிக்க முடியாது உலகு. நின்னேன்னா அது உங்கம்மாவுக்குச் செய்யுற துரோகம்."

உலகம்மை எழுந்தாள். அப்பாவின் கையைப் பிடித்து, "கொஞ்சம் நடங்கப்பா, வைத்தியர் நடக்கலாம்னு சொல்லிட்டாராம்" என்று எழுப்பினாள்.

இரண்டு பேரும் மெல்லப் பின்வாசலுக்கு வந்தார்கள்.

அம்பலவாணன் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

தரை தெரியவில்லை. அவர் நாலைந்து மாசமாகக் கிள்ளிக் கிள்ளிக் கிளைக்கவைத்த செடிகள். ஒரு நுனி இருந்த இடத்தில் இருபது நுனி. இருபதிலும் பூ. இட்லிப்பூ உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புச் சிவப்பாக, இலையே தெரியாமல். நந்தியாவட்டை வெள்ளை வெளேரென்று. செம்பருத்தி ஒவ்வொன்றும் விரித்த கைபோல வெயிலைப் பார்த்து. தேன்சிட்டுகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. வண்ணத்துப்பூச்சிகளுக்கு எதில் உட்காருவது என்று தெரியவில்லை. காலை வெயில் முழுக்க அந்த ஐந்து சென்டிலேயே வந்து கொட்டினதுபோல இருந்தது.

நடுவில் பிச்சம்மா, தலையில் ஒரு பூ, காதில் ஒரு பூ, கையில் கூடை நிறையப் பூ.

"பாத்துக்கிட்டேன் ஐயா" என்றாள்.

உலகம்மை அப்பாவின் கையை விட்டுவிட்டுச் செடிகளுக்குள் இறங்கினாள். கொஞ்ச தூரம் நடந்தாள். அவள் முதுகு குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அவர் தட்டுத்தடுமாறி அருகே போனார்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படியே பூரணம்.

"என்ன?"

"ஒண்ணுமில்லப்பா."

"சொல்லு."

"அம்மா ஞாபகம் வந்துச்சு. ஆஸ்பத்திரியில கடைசி வாரம்... சொன்னா கோவப்படக் கூடாது."

"சொல்லுட்டி."

"நீங்க மூணு நாள் சட்டையை உள்பக்கம் வெளியில தெரிய மாட்டிக்கிட்டு வந்தீங்க. தையலெல்லாம் வெளிய தெரியும். காலர்ல சலவைக்காரர் போட்ட நம்பரோட. பாக்கெட்டு வேற உள்பக்கம் போயிருக்கும்."

அம்பலவாணன் தன் சட்டையைக் குனிந்து பார்த்தார்.

"நான் சொல்ல வந்தேன். அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டா. 'சொல்லாதட்டி, இன்னும் ரெண்டு நாள் போகட்டும்'னா. நர்ஸுங்ககிட்டயும் சொல்லி வச்சுட்டா. தினம் காலையில உங்க செருப்புச் சத்தம் கேட்டதும் போர்வையை இழுத்து வாயை மூடிக்குவா."

"அது..." என்று இழுத்தார். "அது வலின்னுல்ல நினைச்சேன். நர்ஸைக் கூப்பிட்டு ஊசி போடச் சொன்னேனே!"

"அந்த நர்ஸ் வெளிய போயி வராந்தாவுல நின்னு சிரிச்சுட்டு வந்தாங்க."

"அப்ப அவளுக்கு வலி இல்லையா?"

"வலியும் இருந்துச்சுப்பா."

ஒரு தேன்சிட்டு வந்து அவருக்குப் பக்கத்துச் செம்பருத்தியில் தொங்கிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

பிறகு அது வந்தது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, மார்புக்கு வந்து, தொண்டைக்கு வந்து, பல்லைக் கடிக்க நேரமே கொடுக்காமல் வெளியே வந்துவிட்டது. அறுபத்திரண்டு வருஷத்துச் சிரிப்பு. அவருடைய சிரிப்பு எப்படி இருக்கும் என்று அவருக்கே தெரியாது. சைக்கிள் பம்பில் காற்றுப் போவதுபோலத் தொடங்கி, போகப் போகப் பெரிதாகி, பிடித்த இடுப்பு வலிக்க வலிக்க, "ஐயோ, ஐயோ" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் கொட்டச் சிரித்தார்.

"கள்ளி" என்றார். "கள்ளி... மூணு நாளு!"

உலகம்மையும் அழுதாள், சிரித்தாள். பிச்சம்மாவுக்கு மறுபடியும் விக்கல் வந்தது.

*

அன்று மாலையே அவர் பையை எடுத்துக்கொண்டு குழலி அம்மாவிடம் வந்தார். கிணற்றடியில் அந்த அம்மா கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"போயிட்டு வரேம்மா."

"சரி ஐயா. செடியைப் பிச்சம்மா பாத்துக்கிடுவா."

போகத் திரும்பியவர் நின்றார். கணக்கு நேராக வராமல் விட்டுப்போவது அவருக்குப் பழக்கமில்லை.

"நான் ஒண்ணு கேட்டு வந்தேன். நீங்க அதுக்குப் பதிலே சொல்லலையே."

"ஆமா, செடி வைக்கிறதை முதல்ல பார்ப்போம்னுதான் சொன்னேன்" என்றார் குழலி அம்மா. "அது முடிஞ்சுது. இப்ப உக்காருங்க. சிரிப்பை எப்படி நிறுத்துறதுன்னு பார்ப்போம்."

அம்பலவாணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நேரமில்லம்மா. மண்டபம் பிடிக்கணும்."

*

வைகாசியில் கல்யாணம் நடந்தது.

குழலி அம்மாவும் பிச்சம்மாவும் ஆறு கூடை பூவோடு விடியற்காலையிலேயே வேனில் வந்து இறங்கினார்கள். மணமேடைத் தூண் நாலிலும் இட்லிப்பூவும் நந்தியாவட்டையுமாகச் சுற்றியிருந்தது.

கெட்டிமேளம் முழங்கியது. தாலி ஏறியது. எல்லாப் பக்கமிருந்தும் அட்சதை பறந்தது. மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி, கடைசி வரிசையிலிருந்து கிரிக்கெட் பந்து எறிவதுபோல ஒரு கைப்பிடி வீச, அது சரியாக மாப்பிள்ளையின் திறந்த வாய்க்குள் போனது. மாப்பிள்ளை இருமினார். உலகம்மை அவர் தலையில் தட்டப் போய்த் தலைப்பாகையைத் தட்டிவிட்டாள்.

மண்டபம் முழுக்கக் கேட்கும்படி ஒரு சிரிப்பு எழுந்தது. மூன்று தெருவுக்குக் கேட்டிருக்கும். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பெண்ணின் அப்பா.

முன்வரிசையில் பூரணத்தின் தங்கை நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள். "அக்கா மாதிரியே..." என்று அவள் தொடங்கியது பாதியில் நின்றது.

அம்பலவாணன் சிரித்துக்கொண்டிருந்தார். கன்னம் இரண்டிலும் கண்ணீர் வழிந்து சட்டைக் காலரை நனைத்துக்கொண்டிருந்தது. துடைக்கத் துண்டு தோளில்தான் இருந்தது. அவர் அதைத் தொடவில்லை.

போட்டோக்காரர் தொந்தியும் வேர்வையுமாக மேடைக்கு முன்னால் நின்றார். கேமராவைத் தூக்கினார். இறக்கினார். மறுபடியும் தூக்கிப் பார்த்துவிட்டு அலுத்துப்போய்ச் சொன்னார்.

"ஐயா, அழுறதுன்னா அழுங்க. சிரிக்கிறதுன்னா சிரிங்க. ரெண்டும் ஒண்ணா வந்தா நான் எப்படி எடுக்க?"

"அப்படியே எடுங்க அண்ணாச்சி" என்றார் அம்பலவாணன்.